மனப்பாடம் ஆகிவிட்டது, மனம் ஒட்டவில்லை!

அமெரிக்காவில் செவ்வியல் கிறிஸ்தவப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தமிழ்ப் பெற்றோரும், அதே பாடமுறையை வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் ஊரில் உள்ள ஒரு செவ்வியல் கிறிஸ்தவப் பள்ளியில் 6 வயது மகளைச் சேர்க்க யோசிக்கிறோம். “இலக்கணம், தர்க்கம், சொற்கலை என்று வயதுக்கேற்ற மூன்று படிகள், ஆயிரம் ஆண்டுப் பழமையான முறை” என்கிறார்கள். உண்மைதானா?
— வாசகர், டல்லாஸ்

பாதி உண்மை. பாடங்கள் பழையவை, படிகள் புதியவை. இலக்கணம், தர்க்கம், சொற்கலை மூன்றும் சேர்ந்தது டிரிவியம். எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் நான்கும் குவாட்ரிவியம். இடைக்கால ஐரோப்பாவில் இந்த ஏழும் படிக்க வேண்டிய பாடங்களாக இருந்தனவே தவிர, ‘7 வயதுக்கு இது, 13 வயதுக்கு அது’ என்று யாரும் பிரித்து வைக்கவில்லை.

வயதோடு முடிச்சுப் போட்டவர் டோரதி சேயர்ஸ். துப்பறியும் கதைகளால் பெயர் பெற்ற ஆங்கில எழுத்தாளர். 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசிய உரையில், கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கும் பருவம், எதிர்க்கேள்வி கேட்கும் பருவம், கவிமனம் விழிக்கும் பருவம் என மூன்றாகப் பிரித்து, அவற்றுக்கு டிரிவியத்தின் மூன்று பாடங்களையும் பொருத்திக் காட்டினார். குழந்தை உளவியல் பற்றிய தன் கருத்துகள் வழக்கமானவை அல்ல என்று அந்த உரையிலேயே ஒப்புக்கொள்கிறார். இலக்கணப் படியை அவர் தொடங்கச் சொன்னது சுமார் 9 வயதில். இன்றைய பள்ளிகள் பல 5 வயதிலேயே தொடங்கிவிடுகின்றன. 1981-இல் ஐடஹோ மாநிலத்தின் மாஸ்கோ நகரில் (ரஷ்யத் தலைநகர் அல்ல!) லோகோஸ் பள்ளி தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரான டக்ளஸ் வில்சன் 1991-இல் எழுதிய புத்தகம் இந்த எண்ணத்தை நாடெங்கும் கொண்டுபோனது.

ஆகவே ‘பழமை’ என்ற சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டாம் வகுப்பில் ஒரு மணி நேரம் பின்பெஞ்சில் உட்கார அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் தாங்களாகக் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எண்ணிக்கொண்டே வாருங்கள். அழகாகக் கோரஸாக ஒப்பித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஒரு கேள்விகூட எழவில்லை என்றால் யோசிக்க வேண்டியதுதான். வீட்டுப்பாடம் எத்தனை நிமிடம், வெளியே விளையாட எத்தனை நிமிடம் என்பதையும் கேளுங்கள். தயங்காமல் எண்ணைச் சொல்லும் பள்ளி அதைப் பற்றி யோசித்திருக்கிறது என்று அர்த்தம்.

மகனுக்கு 8 வயது. வரலாற்றுக் காலவரிசை, லத்தீன் விகுதிகள், வசனங்கள் எல்லாம் மடமடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் எதிலும் ஆசை இல்லை. இப்போது ஒப்பிக்கும் நேரம் வந்தாலே வயிற்றுவலி என்கிறான். மனப்பாடத்தை விட்டுவிடலாமா?
— வாசகி, ஹூஸ்டன்

விட வேண்டாம், குறையுங்கள். இந்தக் கவலை மிகப் பழையது. கி.பி. 403 வாக்கில், வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம், லேயட்டா என்ற தாய்க்கு அவள் மகள் பவுலாவின் கல்வி பற்றி ஒரு கடிதம் எழுதினார். எழுத்துகளை மரத்திலோ தந்தத்திலோ செய்து விளையாடக் கொடு. வரிசையை மாற்றிப் போட்டு அடையாளம் காணச் சொல். கூடப் படிக்கத் தோழிகளைச் சேர்த்துவிடு. மெதுவாகக் கற்றால் திட்டாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, படிப்பின் மேல் வெறுப்பு வராமல் பார்த்துக்கொள். இளம் வயதில் வந்த கசப்பு பிறகும் போகாது என்கிறார். அதே காலத்துத் திருச்சபை அறிஞர் அகஸ்தீனும் தன் கதையை வைத்தே இதைச் சொல்கிறார். லத்தீனைச் செவிலியரின் கொஞ்சலிலும் சிரிப்பிலும் கற்றதால் அது ஒட்டிக்கொண்டது. கிரேக்கத்தை அடிக்குப் பயந்து படித்ததால் ஒட்டவே இல்லை.

உங்கள் மகனுக்கு என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் மூன்றில் ஒன்று, அல்லது மூன்றும்.

முதலாவது, அளவு. வாரத்துக்கு 7 துறை, துறைக்கு ஒரு துணுக்கு, ஆண்டுக்கு 24 வாரம் என்று பாடத்திட்டம் இருந்தால் 168 துணுக்குகள். புதிதாகச் சேர்ப்பது எளிது. பழையதைக் காப்பாற்றுவதில்தான் நேரம் போகும். 168-ஐயும் தினமும் சுற்றினால் யாருக்கும் வயிறு வலிக்கும். இதற்கு அட்டைப்பெட்டி முறை நல்லது. ஒரு சிறு பெட்டி, 41 தடுப்பு அட்டைகள்: ‘தினமும்’ 1, ‘ஒற்றை நாள், இரட்டை நாள்’ 2, கிழமைகள் 7, தேதிகள் 31. புதிய துணுக்கை ஒரு தனி அட்டையில் எழுதி ‘தினமும்’ பகுதியில் வையுங்கள். தூண்டிவிடாமல் தடங்கலின்றி வந்ததும் ஒற்றை அல்லது இரட்டை நாளுக்கு, பிறகு ஒரு கிழமைக்கு, கடைசியில் ஒரு தேதிக்கு நகர்த்துங்கள். இன்று 14-ஆம் தேதி, செவ்வாய் என்றால் ‘தினமும்’, ‘இரட்டை நாள்’, ‘செவ்வாய்’, ‘14’ ஆகிய நான்கு இடங்களிலிருந்து மட்டும் எடுத்தால் போதும். 7 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தாண்டினால் அட்டை அதிகம். ‘தினமும்’ பகுதியில் எப்போதும் ஒரே ஒரு அட்டைதான். பெற்றோர் சறுக்குவது இங்கேதான், ஆர்வத்தில் மூன்றைத் திணித்துவிடுவார்கள். இன்னொரு தவறு, அவசரமாக நகர்த்துவது. ராகத்தோடு ஒப்பிக்கும் பிள்ளைக்கு உண்மையில் தெரிகிறதா என்று பார்க்க நடுவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அட்டை அங்கேயே இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்.

இரண்டாவது, பொருள். 23-ஆம் சங்கீதத்தையே எடுங்கள். ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் 4 வயதிலேயே சொல்லும். தாழ்ச்சி என்றால் என்ன என்று கேட்டால் ‘கீழே விழ மாட்டேன்’ என்பார்கள். குறைவு, இல்லாமை என்பது அங்கே பொருள். ‘அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில்’ என்ற இடத்தில் தண்ணீர் எப்படி உட்காரும் என்று கேட்கும் பிள்ளையிடம், அது சலனமில்லாத நீர், ஓடும் வெள்ளத்தில் ஆடு தலை குனிந்து குடிக்கத் தயங்கும் என்று சொல்லிப் பாருங்கள். ‘அண்டை’ என்பதை ‘அண்டை வீடு’ என்பதோடு சேர்த்துக் காட்டுங்கள். ஒரு வரிக்கு ஒரு சொல், இரண்டு நிமிடம். அந்த வரி அதன் பிறகு வெறும் ஓசையாக இருக்காது.

மூன்றாவது, பயன். கி.பி. 800 கிறிஸ்துமஸ் நாளில் ரோமில் சார்லிமேன் பேரரசராக முடிசூட்டப்பட்டார் என்று ஒப்பிக்கிறானா? அதே வாரம் இதையும் சொல்லுங்கள். அந்த மனிதர் வளர்ந்த பிறகுதான் எழுதப் பழகினார். இரவில் தூக்கம் வராதபோது கை பழக்க எழுதுபலகையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாராம். தாமதமாகத் தொடங்கியதால் பெரிதாக வரவில்லை என்று அவர் காலத்திலேயே வாழ்ந்த ஐன்ஹார்ட் எழுதி வைத்திருக்கிறார். யார்க் நகரத்து அறிஞர் ஆல்குவினைத் தன் அரசவைக்கு ஆசிரியராக அழைத்துக்கொண்டவரும் இவரே. பேரரசர் தலையணைக்குக் கீழே பலகை! 8 வயதுப் பையன் அதை மறக்க மாட்டான், 800 என்ற எண்ணும் அதோடு ஒட்டிக்கொள்ளும். கதை, வரைபடம், ஓவியம் எதுவும் கிடைக்காத துணுக்கை இந்த ஆண்டு தள்ளிவைத்துவிடுங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது.

வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ‘வாசித்ததைத் திருப்பிச் சொல்’ என்ற முறையை 7 வயது மகளிடம் முயன்றோம். ‘தெரியல’ என்ற ஒரே பதில். நாங்கள் எங்கே தவறுகிறோம்?
— வாசகர், நியூ ஜெர்சி

இந்த முறையைப் பரவலாக்கியவர் ஷார்லட் மேசன் (1842–1923), இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் ஆசிரியர் பயிற்சி நடத்தியவர். அவரைச் செவ்வியல் கல்வியாளர் என்று சொல்லலாமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனாலும் செவ்வியல் கிறிஸ்தவ வீடுகளில் பாதி வேலை அவரிடம் கடன் வாங்கியதுதான்.

‘தெரியல’ என்பதற்குப் பெரும்பாலும் நீளமே காரணம். ஒரு அத்தியாயம் வாசித்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள். ஐந்தாறு வாக்கியக் கதையிலிருந்து தொடங்குங்கள். நரியும் திராட்சையும் போதும். நிறுத்தி நிதானமாக, ஒரே ஒரு முறை வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிப்போம் என்று தெரிந்தால் முதல் முறை காது திறக்காது. புத்தகத்தை மூடிவிட்டு, “எனக்குச் சொல்லு” என்று மட்டும் சொல்லுங்கள். நரி எத்தனை முறை தாவியது, திராட்சை என்ன நிறம் என்று துருவினால் அது பரீட்சை ஆகிவிடும். நாம் எதைக் கேட்போம் என்று ஊகிப்பதிலேயே அவள் கவனம் போய்விடும். சொல்லும்போது குறுக்கிடாதீர்கள். பெயரைத் தப்பாகச் சொன்னாலும் முடிக்கட்டும். ஒரு நாள் ‘நரி திராட்சை கேட்டுச்சு, கிடைக்கல’ என்று மட்டும் வந்தால் அதுவும் திருப்பிச் சொன்னதுதான். வாசிக்கவும் சொல்லவும் சில நிமிடம் போதும், அத்தோடு எழுந்துவிடுங்கள்.

பேசத் தயங்கும் பிள்ளை முதலில் படம் வரைந்து, படத்தைக் காட்டிச் சொல்லலாம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவரிடம் தொடரச் சொல்லுங்கள், இருவரும் விழிப்பாக இருப்பார்கள். எழுத்தில் திருப்பிச் சொல்வது 10 வயது வாக்கில் போதும். அதற்கு முன் எழுத வைத்தால் கை வலியும் எழுத்துப்பிழைப் பயமும் சேர்ந்து கதையை விழுங்கிவிடும்.

அந்த வயது வந்ததும் அதே நரிக்கதையே இன்னும் நான்கு நாள் ஓடும். நான்காம் நூற்றாண்டின் கிரேக்க ஆசிரியர் அஃப்தோனியஸ் தொகுத்த 14 எழுத்துப் பயிற்சிகளில் முதலாவதே விலங்குக் கதைதான். முதல் நாள் வாயால் திருப்பிச் சொல்வது. இரண்டாம் நாள் அதையே மூன்று வாக்கியமாகச் சுருக்குவது. மூன்றாம் நாள் விரிப்பது: கொடி எப்படித் தொங்கியது, வெயில் எப்படி இருந்தது, தாவுமுன் நரி தனக்குள் என்ன சொல்லிக்கொண்டது. நான்காம் நாள் திராட்சைக்கொடி பேசுவது போல எழுதுவது. சுருக்குவதுதான் இவற்றில் கடினம். அன்று மட்டும் பக்கத்தில் உட்காருங்கள்.

கிறிஸ்தவப் பள்ளி என்று சேர்த்தால் ஜீயஸ், அதீனா என்று கிரேக்கத் தெய்வங்களின் கதைகளைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது எப்படிச் சரி?
— வாசகி, அட்லான்டா

“ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஆரம்பகாலத் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் உங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார். மறுபக்கம், எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர் எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் கொண்டுவந்ததுபோல, பிறர் இலக்கியத்தில் உள்ள உண்மையை எடுத்துப் பயன்படுத்தலாம் என்றார் அகஸ்தீன். கி.பி. 362-இல், கிறிஸ்தவத்தை விட்டு விலகிய ரோமப் பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவ ஆசிரியர்கள் அந்தப் பழைய இலக்கியங்களைக் கற்பிக்கத் தடை போட்டார். ‘தொல்லை விட்டது’ என்று திருச்சபை மகிழவில்லை. திருச்சபை அறிஞர் நசியான்சு கிரகோரி கொதித்து எழுதினார். பவுலும் ஏதென்ஸில் பேசும்போது ‘நாம் அவருடைய சந்ததியார்’ என்ற கிரேக்கக் கவிதை வரியை எடுத்தாள்கிறார். நம் தமிழ் வேதாகமம் அந்தக் கவிஞர்களைப் ‘புலவர்கள்’ என்கிறது (அப். 17:28).

கேட்க வேண்டியது வரிசையைப் பற்றி. ஆதியாகமம், யாத்திராகமக் கதைகள் பிள்ளையின் வாயில் நன்றாகப் புழங்கிய பிறகு கிரேக்கக் கதைகள் வருகின்றனவா? 8, 9 வயதுக்குச் சிறுவர் பதிப்பு, கிரேக்கக் கவிஞர் ஹோமரின் முழு நூல் 14-க்கு மேல் என்று வைத்திருக்கிறார்களா? ஜீயஸின் காதல் லீலைகளை எந்தப் பதிப்பு எப்படிச் சொல்கிறது என்று நீங்களே ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. பதிப்புக்குப் பதிப்பு நிறைய வித்தியாசம் உண்டு.

பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து லத்தீன். பையனுக்குத் தமிழே தட்டுத் தடுமாறுகிறது. இன்னொரு மொழி பாரமாகாதா?
— வாசகி, சிகாகோ

தமிழ் வீட்டில் பேசப்படுகிறதா? அப்படியானால் வகுப்பிலுள்ள மற்ற பிள்ளைகளைவிட உங்கள் மகன் ஒரு படி முன்னால் நிற்கிறான். ‘அக்ரிகோலா புவெல்லம் விடெத்’ என்றால் உழவன் பெண்ணைப் பார்க்கிறான். ‘புவெல்லம் அக்ரிகோலா விடெத்’ என்று மாற்றினாலும் பார்ப்பவன் உழவன்தான். ஆங்கிலத்தில் சொற்களை இடம் மாற்றினால் பார்ப்பவரே மாறிவிடுவார்; அதனால் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை இங்கே திணறும். தமிழ்ப் பிள்ளையிடம் ‘புவெல்லா’வின் கடைசியில் வந்த ‘ம்’ நம் ‘ஐ’ என்று சொன்னால் போதும். பெண்ணை உழவன் பார்க்கிறான், உழவன் பெண்ணைப் பார்க்கிறான், இரண்டும் ஒன்றுதானே என்பான்.

சிக்கல் வேறு இடத்தில் வரும். ‘புவெல்லே’ என்ற ஒரே வடிவம் ‘பெண்ணுடைய’, ‘பெண்ணுக்கு’, ‘பெண்கள்’ என்று மூன்று வேலை பார்க்கும். நமக்கு மூன்றுக்கும் தனித்தனி உருபு. அப்லேட்டிவ் என்ற வேற்றுமை ஒன்றே நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையை இழுத்துப்போட்டுக்கொள்ளும். ‘நல்ல’ என்ற பெயரடை நம்மிடம் மாறாது. லத்தீனில் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து அதுவும் மாறும். இந்த மூன்று இடங்களில் மட்டும் கூடுதலாக உட்காருங்கள்.

உச்சரிப்பில் தேவாலய வழக்கு, பழைய ரோமானிய வழக்கு என்று இரண்டு உண்டு. ரோமானியப் பேச்சாளர் சிசெரோவின் பெயர் முன்னதில் ‘ச்சிச்செரோ’, பின்னதில் ‘கிக்கெரோ’. பள்ளி எதைச் சொல்லித்தருகிறதோ அதிலேயே நில்லுங்கள். வீட்டில் ஒன்று பள்ளியில் ஒன்று வேண்டாம். தினமும் லத்தீனுக்கு முன் 15 நிமிடம் தமிழ் வாசிப்பு. நேரம் நெருக்கினால் லத்தீனைக் குறையுங்கள், தமிழை அல்ல.

கணிதம், அறிவியலில் பின்தங்கிவிடுவார்களா? கல்லூரி?
— வாசகர், சான் ஹோசே

பள்ளியைப் பொறுத்தது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா, பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் வரை போக வழி இருக்கிறதா, வேதியியல் செய்முறை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று நேராகக் கேளுங்கள். ‘நாங்கள் வியப்புணர்வை வளர்க்கிறோம்’ என்று பதில் வந்தால் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். வடிவியலும் வானியலும் இந்த மரபின் ஏழில் இரண்டு. அவற்றை ஒதுக்கும் பள்ளி தன்னைச் செவ்வியல் என்று சொல்லிக்கொள்வது வேடிக்கை. இந்த மரபுக்கென்றே 120 மதிப்பெண்ணுக்கு சி.எல்.டி. என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஃப்ளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 2023 முதல் அதை ஏற்கின்றன. மற்ற இடங்களுக்கு எஸ்.ஏ.டி.யையும் எழுதி வைப்பது பாதுகாப்பு.

13 வயது மகள் தர்க்க வகுப்பில் சேர்ந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் “அப்பா, இது அட் ஹோமினெம்” (வாதத்தை விட்டு ஆளைத் தாக்குவது) என்கிறாள். அடக்குவதா, விடுவதா?
— வாசகர், ராலி

அடக்கினால் இரண்டில் ஒன்று நடக்கும்: வாதம் நிற்கும், அல்லது ரகசியமாகும். இரண்டுமே நஷ்டம். வீட்டில் ஒரு விதி வையுங்கள். போலி என்று பெயர் சூட்டுமுன், எதிராளியின் வாதத்தை அவரே ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும் விதத்தில் ஒருமுறை சொல்லிக்காட்ட வேண்டும். இந்த விதி உங்களுக்கும் உண்டு. பாதிச் சண்டை இங்கேயே அடங்கிவிடும். பிழையான வாதத்துக்குப் ‘போலி’ என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பட்டியலே இருக்கிறது. மகளுக்குக் காட்டுங்கள், அசந்துபோவாள்.

மனிதர்களின் பேச்சில் போலி தேடுவதைவிட விளம்பரங்களில் தேடட்டும். வாரம் மூன்று விளம்பரம், ஒவ்வொன்றிலும் சொல்லாமல் விட்ட கூற்று எது என்று எழுதட்டும். போலிகளை மட்டும் சொல்லித்தந்து நிறுத்தும் வகுப்பு குறை காணத்தான் கற்றுத்தரும். நேர்மறையாக வாதம் கட்டவும் பழக வேண்டும். இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதை முடிவாகப் பெறும் முக்கூற்று வாதத்துக்கு 256 வடிவங்கள் உண்டு. பழைய கணக்கில் அவற்றில் செல்லுபடியாகுபவை 24 மட்டுமே. ஏன் மற்றவை செல்லாது என்று வட்டம் போட்டுப் பார்க்கும் வேலை இந்த வயதுக்குப் புதிர் மாதிரிப் பிடிக்கும்.

புத்தகம் முடித்தால் ஸ்டிக்கர், 10 ஸ்டிக்கருக்கு ஐஸ்கிரீம். தவறா?
— வாசகி, நாஷ்வில்

பரிசு கொடு என்று ஜெரோமே, லேயட்டாவுக்கு எழுதியதாக மேலே சொன்ன கடிதத்தில் சொல்கிறார். ஆனால் அவர் சொன்னது எழுத்துக்கூட்டும் தொடக்கப் பயிற்சிக்கு. கடினமான, சலிப்பான வேலைக்குச் சின்னப் பரிசு பரவாயில்லை. பிள்ளை தானே விரும்பிச் செய்வதற்குப் பரிசு வைத்தால்தான் சிக்கல். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், படம் வரைய ஆசைப்பட்ட சின்னக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாதபோது அந்தப் பிரிவின் ஆர்வம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற பிரிவுக்கு அப்படி ஆகவில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு ஸ்டிக்கர் வைத்துக்கொள்ளுங்கள், கதைப்புத்தகத்துக்கு எடுத்துவிடுங்கள். அட்டவணையை ஒரே நாளில் கிழிக்காமல், இருக்கும் தாள் நிரம்பும்வரை விட்டு, அடுத்த தாள் ஒட்டாதீர்கள்.

மகள் வீட்டுக்கு மூன்று மாதம் வரப்போகிறேன். 7 வயதுப் பேத்தி வீட்டிலேயே படிக்கிறாள். எனக்கு லத்தீனும் தெரியாது, அவர்கள் பாடமும் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?
— வாசகர், பாளையங்கோட்டை

உங்களுக்குத் தெரியாது என்பதுதான் ஐயா பெரிய வசதி. திருப்பிச் சொல்லும் பயிற்சியில் உள்ள ஒரே செயற்கை, கேட்பவருக்குக் கதை ஏற்கெனவே தெரியும் என்பது. அம்மா இப்போதுதானே வாசித்தார், அவருக்கே எதற்குத் திரும்பச் சொல்வது என்று பிள்ளை நினைக்கும். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது. காலையில் அம்மா வாசித்ததை மதியம் தாத்தாவுக்குச் சொல்லட்டும், தெரிந்த தமிழில், நடுவே ஆங்கிலம் கலந்து. புரியாத இடத்தில் மட்டும் “அப்புறம் அந்த ராஜா என்ன ஆனான்?” என்று கேளுங்கள். பதிலுக்கு நீங்கள் தினமும் ஒரு கதையோ ஒரு சங்கீதமோ 15 நிமிடம் தமிழில் வாசியுங்கள். பெட்டியில் பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம் ஒன்றும், படம் போட்ட கதைப்புத்தகம் நான்கைந்தும் எடுத்துவாருங்கள். அங்கே அவை எளிதில் கிடைக்காது. அவள் தமிழைப் பேச்சின் நடுவே திருத்த வேண்டாம். தவறாகச் சொன்ன சொல்லை, நீங்கள் பதில் சொல்லும்போது சரியாகச் சொல்லிவிட்டால் போதும்.